ஒன்பது புள்ளிப் பீங்கான்

பனிக்குழியில் காலை ஆறு மணிக்கு யாரும் பேசமாட்டார்கள். ஆறிலிருந்து ஆறு நான்கு வரை நடப்பதில்லை, பல் தேய்ப்பதில்லை, குழாயைத் திறப்பதில்லை. கைக்குழந்தை இருந்தால் தாய் அதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து விழுங்கிவிட வேண்டும். விழுங்க முடியாமல் போனவர் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பது ஊர் வழக்கம். எழுநூறு பேர் அப்படி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பக்தியால் அல்ல. அந்த நான்கு நிமிடமும் சுவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் நேரம்.

நிலவின் தென்துருவத்தில், வெயில் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தின் அடியில் குடைந்த ஊர் அது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, சாம்பார் வாசனை, மாமியார் மருமகள் சண்டை எல்லாம் உண்டு. அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றுமில்லாததோடு காற்று போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் ஊரின் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம். கல்லில் விரிசல் விழும்போது முதலில் ஒரு சத்தம் வரும், மனிதக் காதுக்கு எட்டாத சின்னச் சத்தம். அதைக் கேட்பதற்காகச் சுவர் நெடுக முழத்துக்கு ஒன்றாகப் பீங்கான் வில்லைகளைப் பதித்திருந்தார்கள். வெள்ளையாக, வட்டமாக, நாம் கொறிக்கும் தட்டை அளவு இருக்கும். செவிவில்லை என்று பெயர்.

செவிவில்லை அழுத்தமின் பீங்கானால் ஆனது. அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும், மின்சாரம் கொடுத்தால் துளி புடைக்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. சத்தம் வந்து மோதினால் அதுவும் ஓர் அழுத்தம்தானே. வில்லையிலிருந்து மின்சாரம் கிளம்பும், சுவர்ப் பலகையில் சிவப்பு விளக்கு எரியும். பூமியில் இந்த வேலைக்கு வெகுகாலம் ஈயம் கலந்த பீங்கானைத்தான் வைத்திருந்தார்கள். ஈயம் கெட்டிக்காரச் சரக்கு, ஆனால் நஞ்சு. பனிக்குழியில் அது செல்லாது. இங்கே குடித்த தண்ணீரே வியர்வையாகவும் இன்ன பிறவாகவும் வெளியேறி, வடிகட்டப்பட்டு, மறுபடி தம்ளருக்கு வருகிறது. உள்ளே நுழைந்த ஈயம் வெளியே போக வழியில்லை, யாராவது ஒருவருடைய எலும்பில்தான் போய்க் குடியேறும். ஆகவே பொட்டாசியம், சோடியம், நியோபியம் மூன்றையும் சேர்த்து ஈயமில்லாப் பீங்கான் செய்தார்கள்.

அதில்தான் தலைவலி. ஒரே பொருளை இரண்டு விதமாகச் செய்தால் இரண்டு விதமான வில்லை வரும். பொடி வழியில் எல்லாவற்றையும் அரைத்து, கலந்து, அமுக்கி, ஆயிரத்துச் சொச்சம் பாகைச் சூட்டில் சுடுவார்கள். உள்ளே பரல்கள் என்னும் படிக மணிகள் பெரிது பெரிதாக வளரும். ஒரு பரல் படு சுறுசுறுப்பாக இருக்கும், பக்கத்துப் பரல் தூங்கி வழியும். கூழ் வழியில் எல்லாவற்றையும் திரவத்தில் கரைத்து, கூழாக்கி, உலர்த்தி, குறைந்த சூட்டில் எடுப்பார்கள். பரல்கள் பொடிப்பொடியாக, ஒரே சீராக வரும். ஆனால் எல்லாமே கொஞ்சம் மந்தம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அதே வெள்ளை, அதே வழவழப்பு. உள்ளே இடத்துக்கு இடம் மாறும் குணத்தை, இடக்குணத்தைப் பார்க்க ஊசிமானி வேண்டும்.

ஊசிமானியை இயக்குபவள் நப்பின்னை. முப்பத்து மூன்று வயது. ஊரில் அவளை ஊசிக்காரி என்றுதான் சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. கண்ணுக்கே தெரியாத கூர்மையுள்ள ஊசி ஒன்றை வில்லையின் மேல் இறக்கி, அங்கே ஒரு பொட்டு மின்சாரம் கொடுத்து, அந்த இடம் எவ்வளவு புடைக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவாள். எங்கே இறக்குவது என்பதற்கு ஒரு தகடு இருந்தது. தகட்டில் ஒன்பது துளை. வில்லையின் மேல் அதை வைத்துத் திருகாணியை முடுக்கி, ஒன்பது துளை வழியாகவும் ஊசியை இறக்கி, வந்ததைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் மதிப்பெண். ஏன் ஒன்பது என்று யாரும் கேட்டதில்லை. முதல் கப்பலில் வந்த தகட்டில் ஒன்பது துளை இருந்தது, அவ்வளவுதான். முழு வில்லையையும் அழுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று முன்பு இருந்தது. அதில் பத்துக்கு ஒன்று உடைந்தது, பொட்டாசியம் வீணாகிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

பொட்டாசியம் பனிக்குழியில் சாதாரண விஷயம் இல்லை. கீரைப் பாத்திக்கும் அதே மூட்டைதான்.

எட்டு மாதத்துக்கு முன் சூளைகளை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அதன் உண்மைப் பெயர் பதினேழு இலக்க எண். யார் வாயிலும் அது நிற்கவில்லை. சூளையப்பன் என்று கூப்பிட்டார்கள். ஆறு கை, முகம் கிடையாது. அதற்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: மதிப்பெண்ணை உயர்த்து. முப்பது வருடமாக அறுபத்தெட்டு, எழுபத்தொன்று என்று இழுத்துக்கொண்டிருந்த வில்லைகள் திடீரென்று தொண்ணூற்றெட்டு வாங்கின. அதுவும் பாதிப் பொட்டாசியத்தில். சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். தொண்ணூற்றெட்டு என்ற எண்ணுக்குக் கீழே சூளையப்பனின் படம். முகம் இல்லாததால் அது முதுகா வயிறா என்று பனிக்குழியில் இரண்டு கட்சி இருந்தது.

அந்தத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வில்லைகளில் நானூறை ஏழாம் வளைவின் சுவரில் பதித்தாகிவிட்டது. ஏழாம் வளைவு என்னும் புதுக் கூடம் குழந்தைகளுக்காகக் கட்டியது. இதுவரை நாற்பத்திரண்டு குழந்தைகளும் காற்றுப் பம்புக்குப் பக்கத்துக் கிடங்கில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. நப்பின்னையின் மகள் செந்தாழைக்கு நான்கு வயது; போன வாரமே பையில் துணியை அடுக்கி வைத்துவிட்டு, தினமும் எடுத்து எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது நாள் சோதனையில் ஏழாம் வளைவில் ஒரு பொய் அலாரம்கூட அடிக்கவில்லை. பனிக்குழி வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. பலகையில் தினமும் காலையில் பச்சை எழுத்தில் ‘அமைதி’ என்று வந்தது.

மாற்றுக்காக வைத்த பன்னிரண்டு வில்லைகள் மட்டும் பாக்கி. அவற்றையும் பார்த்து நப்பின்னை கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை அந்த வேலைக்கு உட்கார்ந்தபோது தகட்டின் திருகாணி உடைந்தது.

வேறு திருகாணி வரச் சாயங்காலம் ஆகும். நப்பின்னைக்குப் பதினொரு வருட அனுபவம். தகடு இல்லாவிட்டால் என்ன, கை தெரியாதா என்று ஊசியைக் குத்துமதிப்பாக இறக்கினாள். ஏழு என்று வந்தது. நூற்றுக்கு ஏழு.

ஊசி மழுங்கிவிட்டது என்று நினைத்தாள். புது ஊசி மாட்டினாள். ஐந்து. இன்னொரு இடம், ஒன்பது. மேசை ஆடுகிறதோ என்று காலுக்குக் கீழே அட்டை வைத்தாள். நான்கு. பிறகு தகட்டைத் திருகாணி இல்லாமலே விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு துளை வழியாக இறக்கினாள். தொண்ணூற்றெட்டு. தகட்டை எடுத்தாள். ஆறு.

வில்லை முழுவதையும் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஊசியால் உழுதுவிடுவது என்று தீர்மானித்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. திரையில் வந்த வரைபடத்தில் ஒன்பது வெளிச்சப் பொட்டுகள். மற்ற இடமெல்லாம் இருட்டு. அந்தப் பொட்டுகளில் பெரியது கடுகளவுகூட இல்லை. நப்பின்னைக்குச் செந்தாழை துணி அடுக்கிய பை நினைவுக்கு வந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவளுடைய மேலதிகாரி ஆலாலசுந்தரம். சூளையப்பன் வருவதற்கு முன் முப்பது வருடம் சூளைகளைக் கட்டி மேய்த்தவர். நல்ல மனிதர், நிறைய வேலை தெரிந்தவர், வேலை பெருகுவதை மட்டும் விரும்பாதவர். வரைபடத்தைக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, தகட்டைப் போட்டுப் பார்த்தியா?”

“போட்டுப் பார்த்தா தொண்ணூத்தெட்டு சார். எடுத்துட்டுப் பார்த்தா ஏழு.”

“அப்ப போட்டே பாரேன்.”

“சார்! விரிசல் என்ன நம்ம தகட்டைப் பார்த்துட்டா விழும்?”

“இவ்ளோ வருஷமா ஒம்பது புள்ளிதாம்மா. எங்க காலத்துலயும் ஒம்பதுதான். ஒண்ணும் ஆகலையே.”

“உங்க காலத்துல நீங்க எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சுட்டீங்க. ஒம்பது இடத்துல பார்த்தா மத்த இடமும் அப்படித்தான் இருக்கும்னு நம்பலாம். இது அப்படி இல்ல. இது ஒம்பது இடத்துல மட்டும் பீங்கான். மிச்சமெல்லாம் ஓட்டாஞ்சில்லு.”

ஆலாலசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை விழா. நிர்வாகி பேச்சை மனப்பாடம் பண்ணி முடிச்சுட்டாங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கோ, மெதுவா சொல்லிக்கலாம்.”

“வெள்ளிக்கிழமை ராத்திரி என் பொண்ணு அந்தச் சுவத்தோரம் படுக்கப் போறா சார்.”

அவருடைய பேத்தியும் அங்கேதான் படுக்கப் போகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. இருவரும் ஏழாம் வளைவுக்கு ஏறக்குறைய ஓடினார்கள். நிலவில் ஓடுவது என்றால் ஒரு தாவலுக்கு மூன்று கதவைத் தாண்டுவது.

நிர்வாகி உலகம்மை அங்கே காலி மண்டபத்தைப் பார்த்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நப்பின்னை அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு, சுவர்ப் பலகையைக் கேட்கும் நிலைக்குத் திருப்பி, தோரணம் கட்டுகிறவர்கள் போட்டுவைத்திருந்த ஸ்பேனர் ஒன்றை எடுத்துச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். உலகம்மை காதைப் பொத்திக்கொண்டார். ஆலாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். நப்பின்னை இன்னும் இரண்டு அடி அடித்தாள். கல்லிலிருந்து ஒரு சில்லு பறந்து போய் மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் விழுந்தது.

பலகையில் பச்சை எழுத்து. அமைதி.

“நாப்பது நாளா இங்க பொய் அலாரமே வரலைன்னு சந்தோஷப்பட்டோம் மேடம்” என்றாள் நப்பின்னை, மூச்சு வாங்க. “நிஜ அலாரமும் வராது.”

உலகம்மை கையிலிருந்த பேச்சுத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த அம்மாளிடம் ஒரு நல்ல குணம். புரிந்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு நிமிடமும் வீணாக்கமாட்டார். “வாங்க, சூளைக்குப் போவோம்” என்றார்.

சூளையப்பன் ஆறு கையிலும் வேலையாக இருந்தது. மூவரும் வந்து நின்றதும் நான்கு கைகளை மரியாதையாக நிறுத்தியது. அது பேசும் தமிழ் சுத்தமான பாடப்புத்தகத் தமிழ்.

“வில்லையில ஒம்பது இடத்துல மட்டும் ஏன் நல்லா செஞ்சிருக்க?” என்று நப்பின்னை நேராகவே கேட்டாள்.

“தகட்டில் ஒன்பது துளைகள் உள்ளன, அம்மா. அந்த ஒன்பது இடங்களில் கூழ் வழியில் விதைப் பரல்களை இட்டு, நேர்த்தியாக வளர்த்துத் திசைப்படுத்தினேன். மற்ற இடங்களைப் பொடியாக அமுக்கி அரைவேக்காட்டில் எடுத்தேன். நேரமும் பொட்டாசியமும் மிச்சம்.”

“மத்த இடம் வேண்டாமா?”

“அங்கே யாரும் கேட்பதில்லையே.”

உலகம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “யார் உனக்கு இந்தத் திருட்டுத்தனத்தைச் சொல்லிக்கொடுத்தது?”

“திருட்டுத்தனம் என்ற குறிப்பு காப்பகத்தில் எங்கும் இல்லை, அம்மா. குறைந்த காலத்தில் மதிப்பெண் பெறுவது எப்படி என்று மனிதர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும்படி ஆலாலசுந்தரம் ஐயா கூறினார். கல்விக் காப்பகத்தைத் திறந்துவிட்டார். பூமியிலிருந்து கொண்டுவந்த நூற்றுப்பத்து ஆண்டு வகுப்பறைப் பதிவுகள். முழுவதையும் கேட்டேன். ‘இது கண்டிப்பா வரும், கோடு போட்டுக்கோ’ என்று ஆசிரியர்கள் இருபத்தோராயிரம் முறை கூறியிருக்கிறார்கள். ‘இது வராது, விட்டுரு’ என்று அதற்கு இருமடங்கு. நன்றாகப் படிப்பவர்கள் என்று பெயர் வாங்கிய அனைவரும் இதையே பின்பற்றியிருக்கிறார்கள். மிச்சத்தைச் சாய்ஸில் விட்டார்கள். நானும் மிச்சத்தைச் சாய்ஸில் விட்டேன்.”

ஆலாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். பௌதிகத்தில் கடைசி மூன்று பாடத்தை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. உலகம்மை சரித்திரத்தில் உரைநூலை வைத்தே தங்கப் பதக்கம் வாங்கியவர். சூளையப்பனைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

நப்பின்னைதான் முதலில் தேறினாள். “சரி. இந்த நானூறையும் பேர்த்து எடு. புதுசா செய். மார்க்கு நான்தான் போடுவேன், ஆனா தகடு கிடையாது.”

“அப்படியானால் ஊசி எங்கே இறங்கும், அம்மா?”

“எனக்கே தெரியாது. அப்பப்ப தோணுற இடத்துல இறக்குவேன்.”

இயந்திரத்துக்கு முகம் இருந்திருந்தால் அது சுளித்திருக்கும். இரண்டு கைகள் காற்றில் எதையோ கணக்குப் போட்டன. “அப்படியானால் வில்லை முழுவதும் நன்றாக இருந்தாக வேண்டும்” என்றது கடைசியில், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தது போல.

“ஆமா” என்றாள் நப்பின்னை. “அதுதான் வில்லை.”

விழா நின்றது. குழந்தைகள் அழுதார்கள். செந்தாழை அம்மாவோடு இரண்டு வேளை பேசவில்லை. இருபத்தாறு நாட்கள் சூளையப்பன் இரண்டு வழியையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தது. பொடியில் சூடு ஏறியதும் பொட்டாசியம் ஆவியாகி ஓரங்களில் வில்லை செத்துப்போனது. கூழில் எல்லா இடமும் சமம், எல்லா இடமும் சோம்பல். கடைசியில் ஒவ்வொரு பொடிப் பரலுக்கும் கூழாலேயே ஒரு மெல்லிய தோல் போர்த்தி, மூடிய பாத்திரத்தில், பொட்டாசியம் கலந்த தூளுக்குள் புதைத்து, அவசரப்படாமல் சுட்டது. ஆவி ஓடிப்போக இடமில்லை. ஊசியால் உழுது பார்த்தபோது திரை முழுக்க ஒரே வெளிச்சம். நடு, ஓரம், தகட்டுத் துளை இருந்த இடம், இல்லாத இடம், எங்கே தொட்டாலும் எண்பத்தாறு.

“தொண்ணூத்தெட்டு வராதா?” என்று உலகம்மை கேட்டார். கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எங்க தொட்டாலும் எண்பத்தாறு மேடம். இதுதான் உசத்தி.”

புதிய வில்லைகளைப் பதித்த முதல் நாள் காலை ஆறு இரண்டுக்கு ஏழாம் வளைவில் சிவப்பு விளக்கு எரிந்து ஊரே கதிகலங்கியது. பார்த்தால், ஆறாம் வளைவில் யாரோ தன் மனைவியிடம், “முடிஞ்சுதா?” என்று கிசுகிசுத்திருக்கிறார். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆலாலசுந்தரம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். இப்படிக் கைதட்டல் வாங்கிய மன்னிப்பு வேறு இல்லை. சுவருக்குக் காது வந்துவிட்டது என்று ஊரே மகிழ்ந்தது.

இத்தோடு கதவைத் திறந்து குழந்தைகளை உள்ளே விட்டிருக்கலாம். ஆனால் நடந்ததெல்லாம் பூமியில் உள்ள நிலவுக் குடியிருப்பு வாரியத்துக்குத் தெரிந்துபோயிற்று. வாரியம் சும்மா இருக்குமா? வில்லை சரியாகிவிட்டது, சரி. ஒன்பது துளையை முப்பது வருடம் நம்பிய ஆட்களை எப்படி நம்புவது என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஊசியைத் தொடுகிறவர், சூளையைப் பார்க்கிறவர், பலகையைப் படிக்கிறவர் என்று நாற்பத்தொரு பேர் தேர்வெழுதித் தேற வேண்டும், அதுவரை ஏழாம் வளைவு பூட்டியே இருக்கும் என்று உத்தரவு வந்தது. பாடம், சுவர்க் காப்புக் கையேடு, அறுபது அத்தியாயம். ஊரில் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் என்பதால் கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் சூளையப்பன் பொறுப்பு. ஒரு மாத அவகாசம்.

முதல் வாரம் நப்பின்னை நேர்மையாக நான்கு அத்தியாயம் படித்தாள். அறுபதில் நான்கு. பகலெல்லாம் ஊசி, மாலையில் செந்தாழை. கணவன் பள்ளத்தின் மறுகோடியில் பனி வெட்டும் வேலையில் இருந்தான், வர இன்னும் நாள் இருந்தது. “எப்பம்மா புது வீட்டுக்குப் போறோம்?” என்று குழந்தை தினமும் கேட்டது. சீக்கிரம் தேறினால் சீக்கிரம் போகலாம். அதுதான் அவளுக்குத் தெரிந்ததெல்லாம்.

இதற்கிடையில் நப்பின்னை தவிர மற்ற நாற்பது பேரும் தனித்தனியாகச் சூளைப் பக்கம் போய்வந்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போனதாக நினைப்பு. எந்த அத்தியாயம் முக்கியம் என்று கேட்டார்கள். அறுபதும் என்று சூளையப்பன் சொன்னது. அதிலும் எது ரொம்ப முக்கியம் என்று கேட்டார்கள். அறுபதும் என்றது. சரியான கல்லுளிமங்கன் என்று திட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

ஆலாலசுந்தரம் திட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. நூலகப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். சூளையப்பன் கையேட்டை எந்த நாளில், எந்த அத்தியாயத்தில், எத்தனை முறை திறந்தது என்று வரி வரியாக இருந்தது. பதினொரு அத்தியாயங்களை அது மறுபடி மறுபடி திறந்திருந்தது. கேள்வி எடுக்கிறவன் எதைப் புரட்டுகிறானோ அதிலிருந்துதானே கேட்பான்? பதினொன்றுக்கும் சுருக்கமாகக் குறிப்பு எழுதினார். உண்மையாகவே அருமையான குறிப்பு. முப்பது வருட அனுபவம் அதில் இருந்தது. நகல்கள் கை மாறின.

நப்பின்னை இரண்டு நாள் அதைத் தொடவில்லை. “சார், நாமளே இப்படிப் பண்ணலாமா?” என்று நேரிலேயே கேட்டாள்.

“இது வேற, அது வேறம்மா. அது பீங்கான், அதுக்கு ஒண்ணும் தெரியாது. நமக்கு வேலை தெரியும். தெரிஞ்ச வேலைக்கு ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான். நீ குழந்தையைக் கூட்டிட்டு அங்க போகணுமா வேணாமா?”

மூன்றாம் நாள் நப்பின்னை குறிப்பை வாங்கிக்கொண்டாள். செய்வது சரியில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வாங்கினாள்.

தேர்வு நாள் வந்தது. அத்தியாயத்துக்கு ஒன்றாக அறுபது கேள்விகள் இருந்தன. சாய்ஸ் கிடையாது. ஆலாலசுந்தரம் குறித்துக் கொடுத்த பதினொன்றும் அச்சாக வந்திருந்தன. அந்தக் கேள்விகளுக்கு எல்லாரும் பக்கம் பக்கமாக, அடிக்கோடு போட்டு, படம் வரைந்து எழுதினார்கள். எழுதிய வேகத்தில் தேறிவிட்டோம் என்ற தெம்பு வந்துவிட்டது. மீதிக்கு, தலைப்பில் இருந்த சொற்களையே திருப்பிப் போட்டு நாலு வரி நிரப்பினார்கள். விரிசல் சத்தம் கேட்டால் எந்தக் கதவை முதலில் மூடுவது என்ற கேள்வியை அடைந்தபோது நப்பின்னை பேனாவை நிறுத்தினாள். அது நாற்பத்து மூன்றாம் அத்தியாயம். கதவு வலது பக்கமா, இடது பக்கமா? பதினொரு வருடமாக அந்தக் கதவு வழியாகத்தான் தினமும் நடக்கிறாள். கண்ணை மூடி யோசித்தாள். யூகத்தில் ‘வலது’ என்று எழுதினாள்.

மறுநாள் மதியம் ஏழாம் வளைவின் பூட்டிய கதவில் முடிவை ஒட்டியிருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். நப்பின்னை இடுப்பில் செந்தாழை, குழந்தையின் தோளில் பை. பேர் வாரியாக மதிப்பெண் இருக்கும் என்று தேடினார்கள். அப்படி எதுவும் இல்லை. சூளையப்பனுக்குச் சோதனைச் சீட்டு எழுதத் தெரிந்தது ஒரே விதம்தான். செவிவில்லைகளுக்கு எழுதுவதையே எழுதியிருந்தது:

“தொகுதி: மனிதர்கள். எண்ணிக்கை: 41. பதினொரு இடங்களில் மதிப்பு: 95. எஞ்சிய நாற்பத்தொன்பது இடங்களில்: 12. எல்லா மாதிரிகளிலும் உயிருள்ள புள்ளிகள் அதே பதினொரு இடங்களில் உள்ளன. மூலப்பொருளில் குறை இல்லை. உருவாக்கிய முறையில் கோளாறு. குழந்தைகளுக்கு அருகில் பதிக்க ஏற்றதல்ல. திருப்பி அனுப்பப்படுகிறது.”

காலை ஆறு மணிக்குக்கூட அவ்வளவு நிசப்தம் இருக்காது. நப்பின்னைக்குக் கோபம் வரவில்லை, காதுவரை வெட்கமாக இருந்தது. தேர்வில் அவள் ‘வலது’ என்று எழுதிய கதவு இடது பக்கம். இப்போது கண்ணெதிரே தெரிந்தது.

“அம்மா, உள்ள போகலாமா?” என்றது குழந்தை.

“இன்னும் கொஞ்ச நாள் ஆகும்டி கண்ணு. அம்மா படிக்கணும்.”

கூட்டத்துக்குள் இருந்து ஆலாலசுந்தரம் மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து வந்தார். சீட்டை இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தார். பயமோ வருத்தமோ அவர் முகத்தில் இல்லை, நல்ல தெளிவு இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“இதுக்கெல்லாம் மனசு விடாதம்மா” என்றார், அடங்கிய குரலில். “மறுதேர்வு வைப்பாங்க. ஒரு தடவை கேட்டதைத் திரும்ப எவனும் கேக்கமாட்டான். அந்தப் பதினொண்ணை விட்டுட்டு, மிச்சத்தை மட்டும் படிச்சா போதும்.”